"புத்திமதி வேண்டாம், ஸார்!"

நார்த்தாமலையின் மேலமலைச் சரிவில் விஜயாலய சோழீசுவரம் மேற்கு நோக்கி நிற்கிறது. அதன் முன்னுள்ள பாறையில் அமர்ந்து அஸ்தமனத்தைப் பார்ப்பது நமது நெடுநாளைய வழக்கம். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா முடிந்த சில நாட்களில் அப்படிச் சென்றபோது, நமக்கு முன்பே ஓர் இளைஞன் அங்கே உட்கார்ந்திருந்தான். நம்மிடம் படித்தவன்; திருச்சியில் கலாசாலை மாணவன். தகப்பனார் கல் உடைப்பவர். அந்தக் குடும்பத்தில் கலாசாலைப் படியேறிய முதற் பிள்ளை அவன்தான்.

"நான்கு பாடங்கள் போய்விட்டன, ஸார். வீட்டில் தெரியாது" என்றான்.

உபாத்தியாயர் தொழிலின் தோஷம் நம்மை விடுமா? விடாமுயற்சி, வைகறையில் எழுதல் என்று உபதேசத்தைத் தொடங்கிவிட்டோம். பையன் சற்றுப் பொறுத்திருந்து, "புத்திமதி வேண்டாம், ஸார்! கொஞ்சம் கேளுங்களேன்" என்றான்.

வாயை மூடிக்கொண்டோம். அதன் பிறகுதான் அவன் பேசினான். இருட்டும் வரையில் பேசினான். ஒரு கட்டத்தில் நமது நெஞ்சு படபடத்தது. "உயிரை விட்டுவிடலாமென்று தோன்றியதுண்டா, தம்பி?" என்று நேராகவே கேட்டோம். தலையை அசைத்தான். இப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தவறு, கேட்பதால் பாரம் குறையவே செய்கிறது என்பது மனநல வைத்தியர்கள் கண்ட உண்மை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் தேசத்தில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக அரசாங்கக் கணக்கே கூறுகிறது. அவர்களில் எத்தனை பேரிடம் யாராவது கேட்டிருப்பார்கள்?

"உங்கள் கலாசாலையில் ஆலோசகர் இல்லையா?" என்றோம்.

"இருக்கிறார், ஸார். போனால் புத்தகத்தில் பெயர் எழுத வேண்டும். அந்த வாசலில் நின்றாலே பைத்தியம் என்பார்கள்."

1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், மனமுடைந்தவர்களுக்கு ஆலோசனை கூறத் தொடங்கினார். காத்திருப்போருக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தொண்டர்கள் வந்தார்கள். பலருக்கு அந்தப் பேச்சே போதுமானதாயிருந்தது. பாதிரியாரைப் பார்க்காமலே மனம் தெளிந்து திரும்பினார்கள்! 'சமாரிட்டன்ஸ்' இயக்கம் அப்படி வளர்ந்தது. சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய 'சிநேகா'விலும் தொண்டர்களே செவி கொடுக்கிறார்கள். ஜிம்பாப்வேயில் டாக்டர் டிக்சன் சிபாண்டா 2006-இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி அளித்து, மர பெஞ்சுகளில் உட்காரவைத்தார். அந்தப் பேச்சு நோயைத் தணிக்கிறதென்பது 2016-இல் வெளியான ஆராய்ச்சியில் நிரூபணமாயிற்று.

நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தேர்ந்த ஆலோசகர் வேண்டுமென்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விதித்தது. நன்று. ஆனால் ஆலோசகரின் அறை மட்டும் போதாது. வாரம் ஒரு மாலை, மரத்தடியிலோ சிற்றுண்டிச்சாலையிலோ, பெயர்ப் பதிவின்றி யாரும் வந்து உட்காரலாம் என்ற ஏற்பாடு வேண்டும். பயிற்சி பெற்ற இருவர் இருந்தால் போதும். அவர்கள் வைத்தியருக்குப் பதிலாகிவிட மாட்டார்கள். வைத்தியரிடம் போகும் வழியில் முதற்படியாக இருப்பார்கள்.

அன்றிரவே அவனுடன் அமர்ந்து 14416 என்ற இலவச மனநலத் தொலைபேசிக்குப் பேசினோம். மறுநாள் தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் சென்றோம். அடுத்த பரீட்சையில் இரண்டு பாடங்களைத் தேறிவிட்டான், இரண்டு பாக்கி.

சோழீசுவரத்தைச் சாத்தன் பூதி என்னும் முத்தரையர் தலைவன் கட்டினான். மழையால் இடிந்ததை மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. இடிந்ததை அப்படியே விட்டிருந்தால் நமக்கு அந்தக் கோயில் ஏது?

ஞாயிறுதோறும் மாலையில் நாம் அந்தப் பாறையில் இருக்கிறோம். சுண்டல் உண்டு, உபதேசம் இல்லை.