தண்ணி ஊத்தினால் போதுமா? பழைய காரில் கூலண்ட் எங்கே போகிறது?

ஒக்லாந்துக்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பம் ஒன்று முதன்முதலில் பெரிய காசு கொடுத்து வாங்கும் பொருள் அநேகமாக ஒரு பழைய யப்பான் காராகத்தான் இருக்கும். மவுண்ட் றொஸ்கிலில் இருந்து விமான நிலையத்துப் பக்கம் விடியப்புறம் வேலைக்குப் போவதென்றாலும், சான்ட்றிங்ஹாம் கடைத்தெருவில் மரக்கறி வாங்குவதென்றாலும், பிள்ளையைத் தமிழ் வகுப்பில் இறக்கி விடுவதென்றாலும் கார் இல்லாமல் இந்த நகரத்தில் சீவிப்பது கஷ்டம். நியூசிலாந்தில் கார் பொருத்தும் தொழிற்சாலைகள் 1998இல் மூடப்பட்டுவிட்டன. யப்பானில் ஓடி முடித்த கார்கள் கப்பல் கப்பலாக வந்திறங்குவது அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. இன்று இங்கே வீதியில் ஓடும் கார்களின் சராசரி வயது ஏறத்தாழ 15 ஆண்டு.

இந்த வயதுக் கார்களில் ஆட்களை அதிகம் குழப்பும் வருத்தம், கூலண்ட் காரணம் தெரியாமல் குறைவது. கார் நிற்கிற இடத்தில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. ஓட்டத்திலும் குறை தெரியவில்லை. ஆனால் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பொனற்றைத் திறந்தால் போத்தலில் மட்டம் இறங்கியிருக்கிறது. தெரிந்த அண்ணை ஒருவரிடம் கேட்டால், "பழைய கார்தானே தம்பி, கொஞ்சம் தண்ணி ஊத்திப் போட்டு ஓடுங்கோ" என்பார்.

அந்த அண்ணையை நான் குறை சொல்லவில்லை. அவருடைய ஆலோசனைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள். இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வழியில் கொதித்தால் கிணற்றுத் தண்ணி ஊற்றி ஆறவிட்டு ஓடினோம். அந்தக் கார்களும் தாங்கின. அவற்றின் எஞ்சின் புளொக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு.

இன்று நாங்கள் ஓட்டும் கார்களின் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே ஹெட் நெளிந்துபோகலாம். யாழ்ப்பாணத்தில் எங்களைக் காப்பாற்றிய பழக்கம் ஒக்லாந்து மோட்டர்வேயில் எஞ்சினைக் கொன்றுவிடும்.

குறைகிறது என்றால் எங்கோ போகிறது

கூலண்ட் ஓடும் பாதை மூடப்பட்ட ஒன்று. றேடியேற்றர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சாதாரணமாக 100 பாகையில் கொதிக்கும் தண்ணி, மூடி 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்தால் ஏறத்தாழ 120 பாகை வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் அதையும் தாண்டித் தாங்கும். கூலண்ட் புதிதாக மாற்றிய கையோடு உள்ளே சிக்கிய காற்று வெளியேறி மட்டம் ஒருமுறை இறங்கலாம். அது வழமை. அதற்குப் பிறகும் மாதா மாதம் குறைந்தால், எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது.

அந்த வழி எது என்று தேட, முதலில் எப்போது குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே சமதரையில், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தைப் பார்த்து, போத்தலில் பேனையால் கோடு போடுங்கோ. திகதியையும் கிலோமீற்றரையும் எழுதுங்கோ. ஊற்றினால் எத்தனை மில்லி லீற்றர் என்றும் எழுதுங்கோ. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவு குறைந்தால் வெளிக்கசிவு என்று சந்தேகிக்கலாம். ஹோஸ் கிளிப், றேடியேற்றரின் பிளாஸ்டிக் விளிம்பு, வோட்டர் பம்புக்குக் கீழே உள்ள சின்னத் துளை ஆகிய இடங்களில் இளஞ்சிவப்பு அல்லது பச்சை நிறத்தில் உப்புப் படிந்தது போன்ற தடம் இருக்கும். நிலத்தில் சொட்டு விழாததற்கும் காரணம் உண்டு. சிறு கசிவு சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகிவிடும். மிச்சத்தை எஞ்சினுக்குக் கீழே உள்ள தட்டு பிடித்துவிடும்.

தெற்கே போகும்போது பொம்பே மலை ஏறின நாட்களில் மட்டும் குறைந்தால், மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லையா அல்லது ஹெட் காஸ்கெட் வழியாக எரிவாயு கூலண்டுக்குள் புகுகிறதா என்று பார்க்க வேண்டும். காருக்குள் இனிப்பான மணம் வந்து, முன் ஆசனப் பக்கக் கம்பளம் ஈரமாக இருந்தால் ஹீற்றருக்குள் இருக்கும் சிறு றேடியேற்றர் கசிகிறது. ஒக்லாந்துக் குளிர்காலத்தில் எல்லாக் கார்க் கண்ணாடியும் புகைபிடித்ததுபோல மூடுவதால் இதைப் பலர் கவனிப்பதில்லை. துடைத்த பிறகும் எண்ணெய்ப் பிசுக்கு நின்றால் அது வெறும் பனியல்ல.

பேர்போன மூன்று எஞ்சின்கள்

ஊபர் ஓட்டும் எங்கட ஆட்கள் பலரின் பிழைப்பு 2009 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை ரொயோட்டா பிறியஸில் தங்கியிருக்கிறது. புகையை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் பாதையில் உள்ள ஈ.ஜி.ஆர் கூலர் கரி பிடித்து அடைவதும், ஹெட் காஸ்கெட் போவதும் இந்தக் காருக்குத் தெரிந்த வருத்தங்கள். அடையாளம், காலையில் முதல் ஸ்ராட்டில் கார் சில விநாடி உதறுவது. இரவில் சிலிண்டருக்குள் கசிந்த கூலண்ட் எரிந்து வெளியேறியதும் உதறல் நின்றுவிடும். "குளிருக்குத்தான்" என்று விட்டுவிடுவார்கள். இந்தக் காரில் வெப்பமானி முள்ளே கிடையாது. கடைசிக் கட்டத்தில் எரியும் சிவப்பு விளக்கு மட்டும்தான். இன்வேர்ட்டருக்குத் தனியாக இன்னொரு கூலண்ட் போத்தல் உண்டு. அதைப் பார்த்து "மட்டம் சரி" என்று ஏமாற வேண்டாம்.

ஹைலக்ஸ் சேர்ஃப், பிராடோ வண்டிகளில் வந்த 3 லீற்றர் 1கே.இசட் டீசல் எஞ்சினுக்கு ஹெட் வெடிப்பதில் பேர் உண்டு. இரும்புப் புளொக்கின் மேல் அலுமினிய ஹெட். சுபாருவின் 2.5 லீற்றர் ஈ.ஜே எஞ்சினில் கசிவு பெரும்பாலும் ஹெட்டின் கீழ் விளிம்பால் வெளியே வரும். பக்கவாட்டில் படுத்திருக்கும் எஞ்சின் என்பதால் காரை உயர்த்திக் கீழிருந்து பார்த்தால்தான் தெரியும்.

அறுவைக்கு முதல் ஸ்கான்

தண்ணி ஊற்றச் சொல்வது ஒரு பிழை என்றால், எடுத்த எடுப்பில் "ஹெட் காஸ்கெட் போட்டுது" என்று தீர்ப்புச் சொல்வது மற்றப் பிழை. எண்ணெய் மூடிக்கு அடியில் பால்போல ஒரு படிவைக் கண்டதும் பயப்பட வேண்டாம். குளிர்காலத்தில் கிட்டக் கிட்ட ஓடும் கார்களில் ஈரப்பதனாலும் அது வரும். காலையில் சைலன்சரில் வரும் வெள்ளைப் புகையும் அப்படித்தான். எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு மணத்தோடு புகை வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

சோதனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மூடி. அதற்கென்று உள்ள கருவியில் போட்டு அழுத்தம் பிடிக்கிறதா என்று பார்க்கலாம். பழுதென்றால் புதிய மூடி மலிவு. அடுத்தது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது றேடியேற்றரில் கைப்பம்பைப் பூட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்து விட்டுவைப்பது. முள் இறங்கினால் கசிவு உண்டு. வெளியே தெரியாவிட்டால் பிளக்கைக் கழற்றிச் சின்னக் கமெராவை விட்டுப் பார்க்கலாம். மற்றப் பிஸ்டன்கள் கரிபிடித்திருக்க ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோலப் பளிச்சென்று இருந்தால் குற்றவாளி அங்கேதான். சாயம் கலந்து புறஊதா விளக்கில் பார்ப்பது இன்னொரு வழி. கடைசியாக எரிவாயுச் சோதனை: றேடியேற்றர் வாயில் வைக்கும் நீலத் திரவம், பெற்றோல் காரில் எரிவாயு கலந்தால் மஞ்சளாகும். ஒருமுறை நிறம் மாறவில்லை என்பதால் பூரண சுகம் என்று எண்ண வேண்டாம். சின்ன வெடிப்பு மலை ஏறும்போது மட்டும் திறக்கலாம்.

இந்த இடத்தில்தான் எங்கட ஆட்கள் முறுகுவார்கள். "ஒண்டும் மாத்தேல்ல, பார்த்ததுக்கு ஏன் காசு?" மருத்துவர் ஸ்கான் எடுக்காமல் அறுவை செய்தால் ஒத்துக்கொள்வோமா? மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரக்கணக்கான டொலருக்கு எஞ்சினை மாற்றும் கதைகள் எங்கட வட்சப் குழுக்களில் குறைவில்லை. ஓட்டையை அடைக்கும் போத்தல் மருந்தும் அதே மிச்சம் பிடிப்புத்தான். கசிவோடு சேர்த்து ஹீற்றரின் நுண்குழாயையும் அது அடைத்துவிடலாம்.

"வோரண்ட் இருக்குத்தானே" என்ற நம்பிக்கையும் உதவாது. வோரண்ட் சோதனையில் பிரேக், ரயர், விளக்கு, ஆசனப்பட்டி எல்லாம் பார்ப்பார்கள். எஞ்சினின் நிலையைப் பார்ப்பது அந்தச் சோதனையின் வேலை இல்லை. வாங்குவதற்கு முதல் தனியாக ஒரு பரிசோதனை செய்விப்பதே நல்லது.

வியாபாரியிடம் வாங்கிய கார் என்றால் 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் துணைக்கு உண்டு. காரின் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரம் இல்லையென்றால் திருத்தித் தரும்படி கேட்கலாம். மறுத்தால் வாகன விற்பனைத் தகராறுகளுக்கான தீர்ப்பாயம் 100,000 டொலர் வரையான வழக்குகளை விசாரிக்கும். அங்கே நீங்கள் திகதி போட்டு எழுதிய கொப்பி பேசும். தனியாளிடம் வாங்கிய காருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மா அப்பாவின் பழைய கார் கைக்கு வரும்போது, "இதுக்கு எப்ப கடைசியா கூலண்ட் ஊத்தினீங்கள்?" என்று கேளுங்கள். "அடிக்கடி ஊத்துறனான்" என்று அப்பா பெருமையாகச் சொன்னால், அடுத்த தூரப் பயணத்துக்கு முதல் கராஜுக்குக் கொண்டுபோங்கள். வடித்தெடுத்த பழைய கூலண்டை வீதி வடிகாலில் ஊற்ற வேண்டாம். அது கடலுக்குத்தான் போகும். இனிப்பான அந்த நஞ்சை நாயும் பூனையும் நக்கும்.

மெக்கானிக்கிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கோ: "முதலில் எங்கே போகுதெண்டு கண்டுபிடியுங்கோ, அதுக்கான கூலியைத் தாறன். திருத்துறதைப் பற்றிப் பிறகு கதைப்பம்."