கரு கலைந்தால் 'சுத்தம்' செய்யும்போது கண்ணாக நிற்கும் ஸ்கேன்!

"கரு கலைஞ்சிடுச்சும்மா. சுத்தம் பண்ணணும்!"

டாக்டர் இப்படிச் சொன்னதும் குடும்பமே இடிந்து போகும். ஆனால் இது அபூர்வம் அல்ல. உறுதியான 100 கர்ப்பங்களில் 10 முதல் 15 வரை கலைந்து விடுகின்றன. சிலருக்குத் தானாக வெளியேறி விடும். சிலருக்கு மாத்திரை போதும். மற்றவர்களுக்கு ஆபரேஷன்தான்.

கண் காணாத வேலை!

உள்ளே நடப்பது டாக்டர் கண்ணுக்குத் தெரியாது. கை உணர்வுதான் வழிகாட்டி. அந்த நேரம் கர்ப்பப்பை மெத்தென்று இருக்கும். கருவி சற்றுத் தவறினால் ஓட்டை விழலாம். மிச்சம் தங்கினால் மறுபடி ஆபரேஷன். அதிகம் சுரண்டினால் உள்சுவர் ஒட்டிக்கொண்டு, அடுத்த குழந்தைக்கே சிக்கல்!

திரையில் தெரியுது!

இங்கேதான் ஸ்கேன் கை கொடுக்கிறது. ஒருவர் அடிவயிற்றில் ஸ்கேன் வைத்துப் பிடிக்க, டாக்டர் திரையைப் பார்த்தபடியே வேலை செய்கிறார். கருவியின் நுனி எங்கே, மிச்சம் எங்கே என்று தெரிகிறது. ஆபத்து அடியோடு போகாது, குறையும்.

இரும்பில் விரிசல் தேடிய கருவியை 1950-களில் நோயாளியின் வயிற்றில் வைத்துப் பார்த்தவர், கிளாஸ்கோ டாக்டர் அயன் டொனால்டு. அந்த ஸ்கேன்தான் இது!

சுரண்டுவதை விட, உறிஞ்சி எடுப்பதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எனவே கையெழுத்துப் போடும் முன் இரண்டே கேள்வி கேளுங்க: "உறிஞ்சி எடுப்பீங்களா, சுரண்டுவீங்களா? ஸ்கேன் வச்சுச் செய்வீங்களா?"

கேட்பதில் தப்பே இல்லை!