லாரியின் பின் அச்சில் ஒரு காகிதக் காவலன்

தூக்குவாளியில் மோர் கொண்டு செல்லும்போது, அதன் வாயில் ஒரு வாழையிலைத் துண்டை வைத்து மூடியை அழுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். இலை இல்லாவிட்டால் மோர் வழியெல்லாம் சிந்தும். பிரஷர் குக்கர் மூடியில் உள்ள ரப்பர் வளையமும் இதே வேலையைத்தான் செய்கிறது. கடினமான இரு பொருள்களுக்கு நடுவே மென்மையான ஒன்றை வைத்து இடைவெளியை அடைப்பதே இதன் தத்துவம். பல டன் பாரம் ஏற்றும் லாரியின் பின் அச்சிலும் இத்தகைய காவலன் உண்டு. அதன் பெயர் 'கேஸ்கெட்'. பட்டறைகளில் 'பேக்கிங்' என்றும் சொல்வார்கள்.

இரும்பும் இரும்பும் சேர்ந்தால் போதாதா?

கடைசலில் வழவழப்பாகச் சீவிய இரும்புத் தட்டு கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் அது மேடும் பள்ளமுமாக இருக்கும். இரு தட்டுகளைச் சேர்த்தால் மேடுகளே தொட்டுக்கொள்ளும். பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நுண்ணிய வாய்க்கால்களாகிவிடும். அவற்றின் வழியே எண்ணெய் மெல்ல ஊர்ந்து வெளியேறும். நடுவே அரை மில்லிமீட்டர் அளவு தடிப்புள்ள பதப்படுத்திய காகிதத்தை வைத்துப் போல்ட்டுகளை முடுக்கினால், அது நசுங்கிப் பள்ளங்களை நிரப்புகிறது. கசிவு நின்றுவிடுகிறது.

பின் அச்சினுள்ளே

எழுமலையிலிருந்து உசிலம்பட்டி, தேனி வழியாகப் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்கும் ஒரு லாரியை எண்ணிக்கொள்வோம். அதன் பின் அச்சின் நடுவில் உருண்டையான கூடு ஒன்று இருக்கும். அதற்குள் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பற்சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கிச் சுழல்கின்றன. அங்கிருந்து இருபுறமும் ஒவ்வோர் அச்சுத்தண்டு செல்கிறது. தண்டின் வெளிமுனை ஒரு தட்டுப்போல் விரிந்திருக்கும். அத்தட்டைச் சக்கரத்தின் நடுப்பகுதியாகிய 'ஹப்'புடன் போல்ட்டுகளால் இணைத்திருப்பார்கள். இந்த இணைப்பில்தான் கேஸ்கெட் இருக்கிறது.

பெரும்பாலான லாரிகளில் பாரத்தைத் தாங்குவது அச்சுத்தண்டு அன்று. அதைச் சுற்றியுள்ள குழாய் போன்ற கூடுதான். தண்டு சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே செய்கிறது. எனவே போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை வெளியே உருவிவிடலாம். பல லாரிகளில் பிரேக் டிரம்மைக் கழற்றி லைனிங்கை மாற்ற வேண்டுமானால், முதலில் இத்தண்டை உருவியே ஆக வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறை பிரேக் வேலை நடக்கும்போதும் கேஸ்கெட் பிரிக்கப்படுகிறது.

பழையதையே போட்டால் என்ன?

ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட் தன் மீள்தன்மையைப் பெரிதும் இழந்துவிடும். பழைய மேடு பள்ளங்களின் அச்சு அதில் பதிந்திருக்கும். மறுபடி பொருத்தும்போது அவை அதே இடத்தில் அமைவதில்லை. பிரிக்கும்போது அதன் ஒரு பகுதி இரும்பில் ஒட்டிக்கொண்டு கிழிவதும் உண்டு. எனவே விலை மலிவான இப்பொருளைப் புதிதாக மாற்றுவதே முறை.

புதியதைப் பொருத்தும் விதமும் முக்கியமானது. ஒட்டியிருக்கும் பழைய காகிதத்தைச் சுரண்டும்போது இரும்பில் கீறல் விழக்கூடாது. ஒவ்வொரு கீறலும் எண்ணெய்க்கு ஒரு வாய்க்கால். போல்ட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்.

இருவகைக் கசிவுகள்

கேஸ்கெட் கெட்டால் எண்ணெய் வெளிப்புறமாகக் கசியும். ஹப்பின் நடுவிலிருந்து சக்கரத்தின் மேல் ஆரங்கள்போல் கறைகள் படரும். கவனிக்காமல் விட்டால் கூட்டில் எண்ணெய் குறைந்து, பற்சக்கரங்களும் பேரிங்குகளும் சூடேறித் தேயும்.

ஹப்பின் உட்புறத்தைக் காப்பது 'ஆயில் சீல்' என்னும் வளையம். அது கெட்டால் எண்ணெய் உட்புறமாகக் கசிந்து பிரேக் லைனிங்கில் படியும். இது மிகவும் ஆபத்தானது. பிரேக் வேலை செய்வதே உராய்வினால்தான். எண்ணெயோ உராய்வைக் குறைக்கும் பொருள்!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 டன் எடையுள்ள லாரி மலைப்பாதையில் 100 மீட்டர் உயரம் இறங்குகிறது. அது இழக்கும் நிலையாற்றல் 16,000 × 9.8 × 100, அதாவது சுமார் 1 கோடியே 57 லட்சம் ஜூல். 30 டிகிரி வெப்பத்திலுள்ள 53 லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குச் சூடேற்ற இது போதும். லாரி வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் இவ்வளவு ஆற்றலும் வேறு வழியில் செலவாக வேண்டும். சிறிய கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதில் பெரும்பகுதியை பிரேக்குகள் வெப்பமாக மாற்ற வேண்டும். ஒரு சக்கரத்தின் லைனிங்கில் எண்ணெய் ஊறியிருந்தால் அது தன் பங்கைச் செய்யாது. மற்றவை அளவுமீறிச் சூடாகும். வண்டியும் ஒரு பக்கமாக இழுக்கும்.

நுண்துளைகளில் ஊறிய எண்ணெய் துடைத்தால் போகாது. லைனிங்கை மாற்றத்தான் வேண்டும். அதுவும் இருபக்கச் சக்கரங்களிலும் ஒருசேர மாற்ற வேண்டும்.

அச்சுக்கும் மூச்சு உண்டு

புதிய கேஸ்கெட் போட்டும் கசிகிறதா? அச்சுக்கூட்டின் மேலுள்ள சிறு காற்றுத்துளையைப் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் உள்ளிருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாவதாகக் கொள்வோம். கெல்வின் அளவில் இது 303-லிருந்து 363. துளை சேற்றால் அடைபட்டிருந்தால் உள் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயரும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 200 கிராம் எடையை வைத்தது போன்ற அழுத்தம் இது. பலவீனமான இடம் பார்த்து எண்ணெய் வெளியேறிவிடும். துளையைச் சுத்தம் செய்தால் போதும், இக்குறை தீரும்.

ஓர் எச்சரிக்கை

முற்காலத்தில் கேஸ்கெட்டுகளிலும் பிரேக் லைனிங்குகளிலும் வெப்பம் தாங்கும் கல்நார் கலந்திருந்தது. கல்நார்த் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரும். நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், தூசியை ஊதிய அன்று எவருக்கும் ஆபத்து தெரிவதில்லை. பழைய பாகத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதும் கண்ணால் பார்த்துத் தெரியாது. எனவே டிரம்மில் உள்ள தூசியைக் காற்றுக் குழாயால் ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டையும் உலர்ந்த நிலையில் உரசாமல், நனைத்த பிறகே சுரண்ட வேண்டும்.

அடுத்த முறை நிற்கும் லாரி ஒன்றின் பின்சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் வட்டமாக உள்ள போல்ட்டுகளைச் சுற்றிலும் ஈரமில்லாமல் இருக்கிறதா? அப்படியானால் உள்ளே அந்தக் காகிதக் காவலன் விழிப்போடு இருக்கிறான் என்று கொள்ளலாம்.