மேற்கே ஒரு வாசல்: திருவேங்கடத்திலிருந்து எந்த மலைப்பாதை?

திருவேங்கடத்தில் மொட்டை மாடியில் நின்று பார்த்தால், வானம் தெளிந்த நாட்களில் மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கு வடக்காக நீண்டு கிடப்பது தெரியும். கரிசல் காட்டில் பாடுபடுகிறவர்களுக்கும், தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் தினமும் கண்ணில் படுகிற மலை அது. ஆனால் விடுமுறை வந்து, காரில் மலைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்தால் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்றுதான் பட்டியல் போகும். கண்ணெதிரே நிற்கிற மலையைத் தாண்டும் சாலை யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவதில்லை.

நேர் மேற்கே போக வழி இல்லை என்பது உண்மைதான். சிவகிரி, வாசுதேவநல்லூர் மலைகளுக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் அடர்காடு. வடக்கே குமுளியை விட்டால், தெற்கே அச்சன்கோவில், ஆரியங்காவு வரை மலையைக் கடக்கும் கார் ரோடு கிடையாது. அந்த ஆரியங்காவுக் கணவாய்தான் நமக்குப் பக்கத்து வாசல். ஆடி மாதம் நம் பக்கத்தில் புழுதியைக் கிளப்புகிற காற்றும், சுரண்டை வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்றும், குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிற மேகமும் அந்த இடைவெளி வழியாகத்தான் வருகின்றன. சாலையும் ரயிலும் அதே வழியில்தான் போகின்றன. முதன்முறையாக மலையில் கார் ஓட்டிப் பார்க்க நினைக்கிற குடும்பத்துக்கு நான் சொல்லும் பாதை இதுதான்.

கரிசலிலிருந்து காட்டுக்கு

திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவில் வந்து, அங்கிருந்து புளியங்குடி போனால் எலுமிச்சைத் தோட்டங்கள் வந்துவிடும். அங்கே திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744-ஐப் பிடிக்கலாம். சொக்கம்பட்டி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி போகும் வரை மலை வலப்பக்கமாகக் கூடவே வரும். கரிசல் மறைந்து வயலும் தென்னையும் தொடங்குவதை இந்த ஒரு வழியில் கண்கூடாகப் பார்க்கலாம்.

செங்கோட்டையில் பழைய திருவிதாங்கூரின் சங்கு முத்திரை பதித்த அலங்கார வளைவைப் பார்க்காமல் போகாதீர்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மலைக்குக் கிழக்கே இருந்த ஊரை மலைக்கு மேற்கே இருந்த அரசு ஆண்டதற்கு இந்தக் கணவாய்தான் காரணம்.

புளியரை தாண்டியதும் ஏற்றம். ‘எஸ் வளைவு’ என்று டிரைவர்கள் சொல்லும் இடத்தில் சாலை இரண்டு பக்கமும் திரும்பி ஏறுகிறது. கோட்டைவாசலைக் கடந்தால் கேரளம். காற்று குளிர்கிறது, மரங்கள் நெருங்குகின்றன. ஆரியங்காவு ஐயப்பன் கோவில் சாலையோரத்திலேயே இருக்கிறது. இங்கே ஐயப்பன் புஷ்கலாதேவியோடு இருக்கிறார். மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரை சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராகச் சீர் கொண்டுவருகிறார்கள். பக்கத்தில் பாலருவி, சுமார் 300 அடி உயரம். அருவிக்கு நம் வண்டியை விடமாட்டார்கள். வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும்.

இன்னும் கீழே கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம். கருங்கல் தூண்கள் மேல் வளைவு வளைவாக எழும்பி நிற்கிற ரயில் பாலம், சாலைக்கு மிக அருகில் இருக்கிறது. 1904-இல் இந்தப் பாதையில் மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. அகலப் பாதையாக்கி முழுப் பாதையையும் 2018-இல் திறந்தார்கள். ரயில் வரும் நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு போங்கள். பாலத்தின் மேல் ரயில் போவதைக் கீழே நின்று பார்க்கிற குழந்தைக்கு வேறு எந்த வேடிக்கையும் வேண்டாம். தென்மலை அணையோடு திரும்பிவிடலாம். நேரம் இருந்தால் புனலூர் வரை போய், கல்லடையாற்றின் மேல் 1877-இல் கட்டிய தொங்கு பாலத்தையும் பார்க்கலாம்.

மற்ற பாதைகள்

தேனி வரை போக மனமும் நாளும் இருந்தால் போடிமெட்டு. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் 4,000 அடிக்கு மேல் போய்விடலாம். அங்கிருந்து ஏலக்காய்த் தோட்டங்கள் வழியே பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. காட்சியில் இதற்கு இணை குறைவு. ஆனால் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகிற வண்டி தெரியாது. பெருமழையில் மண் சரியும். மலையில் ஓட்டிப் பழகியவருக்குத்தான் இது.

லோயர் கேம்ப் வழியே குமுளி ஏறும் சாலையில், 1895-இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் மலை இறங்குவதைப் பார்க்கலாம். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். 2021-இல் புலிகள் காப்பகமான காடு அது. இருட்டிய பின் சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள். போன வழியில்தான் திரும்பவும் வேண்டும்.

ஓட்டுகிறவர் கவனத்துக்கு

ஆரியங்காவுப் பாதையில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் பக்கத்துச் சரிவுதான் செங்குத்தானது. போகும்போது முதலில் வருகிற அந்த ஏற்றம், திரும்பும்போது கடைசியில், உடம்பு அசந்த நேரத்தில் இறக்கமாக வரும். எனவே திரும்பும் வழியில் ஆரியங்காவில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு இறங்குங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குவது நல்லது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது.

குறுகிய இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. நீண்ட லாரி வளைவில் திரும்பச் சாலை முழுவதும் வேண்டும். அதைக் கண்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். பழுதாகி நின்ற லாரியின் டயருக்கு அண்டை கொடுத்த கல், லாரி போன பிறகும் சாலையிலேயே கிடக்கும். பைக்கில் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. வாடகை காரில் போனால் கேரள பர்மிட்டுக்கு டிரைவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதமும் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் உண்டு, கூடவே குற்றாலக் கூட்டமும் உண்டு. கார்த்திகை முதல் தை தொடக்கம் வரை சபரிமலை வண்டிகள் சாரிசாரியாக வரும். நிம்மதியாக ஓட்ட வேண்டுமென்றால் செப்டம்பர் நல்லது. மழை கழுவிய காடு பச்சையாக இருக்கும்.

நமக்கு மலை மேற்கே இருப்பதில் ஒரு வசதி. விடியலில் கிளம்பினால் வெயில் முதுகுக்குப் பின்னால். மலையின் கிழக்கு முகம் முழுவதும் வெளிச்சத்தில் துலங்கும். மாலையில் திரும்பும்போதும் சூரியன் பின்னால்தான், கண்ணைக் கூசாது.

வளைவுகளின் எண்ணிக்கையையும் உயரத்தையும் வைத்துப் பாதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வண்டியில் யார் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். வாந்தி எடுக்கிற குழந்தை, முழங்கால் வலிக்கிற பாட்டி, புதிதாக லைசென்ஸ் வாங்கிய மகன் இருக்கிற காருக்கு, ஒரே பகலில் கரிசலையும் காட்டையும் காட்டி வீடு சேர்க்கும் ஆரியங்காவுதான் சரியான பாதை. மகனுக்குக் கை பழகிய பிறகு போடிமெட்டுக்குப் போகலாம்.