கல்லுக்கடியில் ஒரு குகை

தோட்டத்தில் ஒரு கல்லைப் புரட்டியதும் பூரான் விரைந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏன் கல்லுக்கடியில் ஒளிந்து கிடந்தது என்று எண்ணியதுண்டா?

பூச்சிகளின் உடல்மேல் மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. உடலிலுள்ள நீர் ஆவியாகாமல் அது காக்கிறது. பூரானுக்கு அத்தகைய நல்ல பூச்சு கிடையாது. எனவே வெயிலில் நெடுநேரம் கிடந்தால் உலர்ந்து போகும். கல்லின் அடி, இலைக் குவியல், மண் வெடிப்பு ஆகியவையே அதற்கு வீடு. இருட்டும் ஈரமும் குளிர்ச்சியும் உள்ள அந்த இடம் ஒரு சின்னஞ்சிறு குகை அல்லவா?

'கிரிப்டாப்ஸ்' என்னும் பூரான் பேரினத்துக்குக் கண்ணே இல்லை. இருட்டில் கண் எதற்கு? மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இவை வாழ்கின்றன. இவற்றின் உறவினம் ஒன்று ருமேனியா நாட்டு மோவில் குகைக்குள் வாழ்வதை அறிவியலார் 2020-இல் விவரித்தனர். பல இலட்சம் ஆண்டுகள் மூடிக்கிடந்த அக்குகை, 1986-இல் நிலத்தைத் தோண்டியபோதுதான் வெளிப்பட்டது.

தனித்திருந்தால் என்ன ஆகும்?

ஓர் உயிரினக் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தலைமுறைதோறும் மரபுக்கூறுகளில் சிறு மாறுதல்கள் தோன்றும். இந்தப் பக்கத்து மாறுதல் அந்தப் பக்கம் போய்ச் சேராது. நெடுங்காலத்துக்குப் பின் அவை இரு வேறு சிற்றினங்களாகிவிடும்.

குகையில் வாழ்வதைப் பிரிப்பது பாறைச் சுவர். மலையில் வாழ்வதைப் பிரிப்பது எது? கோயமுத்தூர்க்காரர்களுக்கு விடை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஆடிக் காற்றை நமக்கு அனுப்பும் பாலக்காட்டுக் கணவாய்தான் அது! வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இடையே சுமார் 30 கிலோமீட்டர் தாழ்நிலம். நமக்கு அது இரயில் பாதை. ஈரக் காட்டுப் பிராணிக்கோ வறண்ட கடல். கணவாயின் இருபுறத்து யானைகளும் மரபுக்கூறுகளில் வேறுபடுவதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. யானைக்கே இப்படி என்றால், சிறகில்லாத, முட்டைகளைச் சுற்றி வளைந்து ஒரே இடத்தில் அடைகாக்கும் பூரானுக்கு எப்படி?

எரிமலைக்குத் தப்பியவை

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஜாஹ்னவி ஜோஷி, பிரவீண் கரந்த் ஆகியோர் மேற்குத் தொடர்ச்சி மலைப் பூரான்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டனர். பார்வைக்கு ஒன்றுபோலிருந்த சில, உண்மையில் வெவ்வேறு இனங்கள் என்று தெரிந்தது. 2013-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. மலைத்தொடரின் தென்பகுதியில் உள்ள பூரான் வழிகள், நடுப்பகுதியிலும் வடபகுதியிலும் உள்ளவற்றைவிடப் பழமையானவை!

காரணம் என்ன? சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு வெள்ளமாகப் பரவியது. இன்றும் அப்பாறை ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டரை மூடியிருக்கிறது. அக்குழம்பு தெற்கே வரவில்லை. கணவாய்க்குத் தெற்கிலுள்ள மலைகள் அன்று சிற்றுயிர்களுக்கு அடைக்கலம் தந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. 2018-இல் இந்தியாவிலிருந்து மூன்று புதிய பூரான் இனங்கள் விவரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று அகத்தியமலையின் பெயரைத் தாங்கியுள்ளது.

எரிமலைக்குத் தப்பியவை கோடரிக்குத் தப்புமா? ஆனைமலையில் வால்பாறைப் பகுதிக் காடுகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் வெட்டப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களாயின. இன்று தோட்டங்களிடையே துண்டு துண்டாகவே காடு எஞ்சியிருக்கிறது. ஒரு மலைக்கே உரிய சிற்றினம் அங்கு அழிந்தால், அடுத்த மலையிலிருந்து அதைக் கொண்டுவர முடியாது. அங்கிருப்பது வேறு இனம்!

மலைக்குச் சுற்றுலா போனால் கல்லை வெறுங்கையால் புரட்டாதீர்கள். பூரான் கடித்தால் கடுமையாக வலிக்கும். ஆசிரியர் துணையோடு குச்சியால் மெல்லப் புரட்டிப் பாருங்கள். பார்த்து முடிந்ததும் கல்லை முன்போலவே வைத்துவிடுங்கள். அதுதான் அதன் கூரை.