மிதிவண்டி ஓட்டத்திற்கும் அன்றாட வாழ்விற்கும் ஏற்ற கைக்கடிகாரம்

மிதிவண்டி ஓட்டும்போதும், பின்னர் அதே நாளில் கல்லூரி, அலுவலகம், கோவில், திருமணம் என எங்கும் கழற்றாமல் அணியத்தக்க ஒரே கைக்கடிகாரத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றியது இக்கட்டுரை. விற்பனையாளர்கள் முதலில் எடுத்துச் சொல்வது பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரையும், நீர்த்தடுப்பு ஆழத்தையும், கூடுதல் வசதிகளையும்தான். சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோர நகரில் மிதிவண்டி ஓட்டுபவருக்கு இவை அடுத்த நிலையில் வருபவை. கடிகாரம் மணிக்கட்டில் எப்படி உட்காருகிறது, வியர்வையை எப்படித் தாங்குகிறது என்ற இரண்டுமே முதலில் பார்க்க வேண்டியவை.

சென்னை மாநகராட்சியின் ஆலந்தூர் மண்டலத்தில் உள்ள நங்கநல்லூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெரும்பாலும் சமதளமான, குறுகிய தெருக்கள் நிறைந்த குடியிருப்புப் பகுதி இது. பழவந்தாங்கல் புறநகர் ரயில் நிலையமும் நங்கநல்லூர் சாலை மெட்ரோ நிலையமும் மிதிவண்டியில் சென்று சேரக்கூடிய தொலைவில் உள்ளன. இங்கு மிதிவண்டியை எடுப்பவருக்கு அது போட்டியோ பயிற்சியோ அன்று. ரயிலைப் பிடிப்பதற்கான வழி. ரயிலைப் பிடிக்க வேண்டியவர் வழியில் மணி பார்ப்பார். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் நான்கு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. மணிக்கட்டைத் திருப்பி, முகப்பைத் தேடி, எண்ணைப் படிக்க இரண்டு நொடி ஆனால், சாலையைப் பாராமல் எட்டு மீட்டருக்கு மேல் கடந்தாயிற்று. அந்த எட்டு மீட்டருக்குள் ஒரு நாயோ, திறக்கும் கார்க் கதவோ, மூடியில்லாத பள்ளமோ வரலாம். பார்த்தவுடன் படிக்க முடிகிற கடிகாரம் வேண்டும் என்பதற்கு அழகுணர்ச்சியைவிட இதுவே வலுவான காரணம்.

மணிக்கட்டும் ஹேண்டில்பாரும்

எந்தக் கடிகாரம் பொருந்தும் என்பதை ஓட்டுபவரின் வண்டியே பெரிதும் தீர்மானிக்கிறது. இதைக் கடைகளில் யாரும் கேட்பதில்லை.

பழைய பாணி மிதிவண்டிகளிலும், தமிழக அரசு பிளஸ் 1 மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகள் பெரும்பாலானவற்றிலும் ஹேண்டில்பார் ஓட்டுபவரை நோக்கிப் பின்னால் வளைந்திருக்கும். அதைப் பிடிக்கும்போது இரு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். மணிக்கட்டு மடங்குவதில்லை, ஆகவே கடிகாரம் எங்கும் குத்தாது. ஆனால் வழக்கமான முறையில் மணிக்கட்டின் வெளிப்புறம் கட்டிய கடிகாரத்தின் முகப்பு தெருப்பக்கம் திரும்பி நிற்கும். மணி பார்க்கப் பிடியைத் தளர்த்தி முன்கையைத் திருப்பியாக வேண்டும்.

மலைப்பாதை வண்டிகளில் காணப்படும் நேர் ஹேண்டில்பாரில் நிலைமை தலைகீழ். புறங்கை மேலே இருப்பதால் முகப்பு கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆனால் உடல் எடையின் ஒரு பகுதி கைகளில் இறங்க, மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கும். இடக்கையில் கட்டிய கடிகாரத்தின் 3 மணிப் பக்கத்தில் இருக்கும் சாவிக் குமிழ் அப்போது புறங்கையில் அழுந்தும். தடித்த, அகன்ற கடிகாரமாக இருந்தால் அரை மணி நேரத்தில் தோலில் சிவந்த தடம் விழும். வலப்பக்கம் திரும்ப வலக்கையை நீட்டிச் சைகை காட்டும்போது வண்டி முழுவதும் இடக்கையின் பொறுப்பில் இருக்கிறது. அந்நேரத்தில் உறுத்தல் வெறும் அசௌகரியமாக நின்றுவிடுவதில்லை.

இதற்கு எளிய வழிகள் உண்டு. கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, முழங்கைப் பக்கமாகத் தள்ளிக் கட்டலாம். வலக்கையில் கட்டினால் குமிழ் முழங்கையை நோக்கித் திரும்பிவிடும். குமிழ் 4 மணி இடத்தில் அமைந்த மாதிரிகளும், குமிழே இல்லாத எண்முறைக் கடிகாரங்களும் கிடைக்கின்றன. கேசியோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட எஃப்-91டபிள்யூ இவ்வகையில் பலரும் அறிந்தது: தடிமன் 8.5 மி.மீ., எடை 21 கிராம். கையில் இருப்பதே மறந்துபோகும். தமிழ்நாட்டுப் பெண்கள் பலர் முகப்பை மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பிக் கட்டுவது நெடுநாள் பழக்கம். பின்வளைந்த ஹேண்டில்பார் உள்ள வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. முகப்பு ஓட்டுபவரின் பக்கமே திரும்பியிருக்கும். நேர் ஹேண்டில்பாரில் அதே முறை உதவாது, முகப்பு தரையைப் பார்க்கும்.

முள்ளா எண்ணா என்ற பழைய கேள்விக்கும் இங்கே ஒரு விடை இருக்கிறது. நேர் ஹேண்டில்பாரைப் பிடித்துக் கையை முன்னே நீட்டினால், இடக்கைக் கடிகாரத்தின் 12 மணிப் பக்கம் இடப்புறமாகத் திரும்பிவிடுகிறது. எண்கள் ஓட்டுபவரின் பார்வைக்குப் படுத்துக் கிடக்கும். படுத்துக் கிடக்கும் எண்ணைப் படிக்கக் கூடுதல் நேரம் ஆகும். முள்ளின் நிலையைச் சில நாள் பழக்கத்தில் ஒரே பார்வையில் அறியலாம். மேலும், மலிவான திரவப் படிகத் திரைகள் சாய்வாகப் பார்க்கையில் மங்கலாகத் தெரியும். போலராய்டு வகைக் குளிர்கண்ணாடி அணிந்திருந்தால் சில கோணங்களில் திரை முற்றிலும் கறுத்தும் போகும். ஆகவே வெள்ளை முகப்பில் தடித்த கறுப்பு முட்கள் கொண்ட சாதாரணக் கடிகாரமே ஓட்டத்தின்போது படிக்க எளியது. கறுப்பு முகப்பில் கறுப்பு முள், சிறு வட்டங்கள் மூன்று நான்கு என வரும் அலங்கார மாதிரிகள் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக இருக்கும்; சாலைக்கு உதவா.

வியர்வை

சென்னையில் கடிகாரத்தைக் கெடுப்பது மழை என்று பலர் நினைக்கின்றனர். மழை ஆண்டில் சில வாரங்கள்தான். வியர்வை ஆண்டு முழுவதும். அதில் கரைந்துள்ள உப்பு உலோகத்தை அரிக்கிறது. பெரும்பாலும் அமிலத்தன்மை உடையதாகவும் இருக்கிறது. வாருக்கும் தோலுக்கும் இடையில் அது காயாமல் தங்கிவிடுகிறது.

முதல் பலி தோல் வார். தினமும் நனைந்து காயும் தோல் விறைத்து, வெடித்து, நாற்றம் எடுக்கும். மிதிவண்டி ஓட்டுபவர் தோல் வாரைக் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் ஒதுக்கி வைப்பதே சரி. எஃகுச் சங்கிலிப் பட்டை நனைந்தால் கெடாது. ஆனால் கண்ணிகளுக்கு இடையில் அழுக்குச் சேரும், தளர்வாக இருந்தால் குண்டும் குழியுமான சாலையில் மேலும் கீழும் ஓடும், இறுக்கினால் வெயிலில் கை சற்று வீங்கும்போது பிடிக்கும். பாலியூரிதேன் வார் இலகுவானது, மலிவானது. ஈரப்பதத்தில் சில ஆண்டுகளில் வேதிச் சிதைவுற்று ஒடிந்துபோகும் குணம் அதற்கு உண்டு. சிலிக்கோன் நெடுநாள் உழைக்கும், தூசியை ஈர்க்கும், காற்றுப் புகாது. இவை எல்லாவற்றிலும் நைலான் துணி வாரே சென்னைக்கு ஏற்றது எனலாம். சோப்பு நீரில் அலசி மின்விசிறிக்கு அடியில் போட்டால் விரைவில் காய்ந்துவிடும்.

ஒரே துண்டாகக் கடிகாரத்தின் அடியில் நுழைந்து வரும் நைலான் வாருக்கு இன்னொரு நன்மை உண்டு. கடிகாரத்தையும் வாரையும் இணைப்பவை இருபுறமும் உள்ள மெல்லிய ஸ்பிரிங் பின்கள். வியர்வையில் துருப்பிடித்து, சாலை அதிர்வில் ஒரு நாள் அவை ஒடியும். சாதாரண வாராக இருந்தால் கடிகாரம் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது. ஒரே துண்டு வாரில் ஒரு பின் ஒடிந்தாலும் மற்றொன்றில் அது தொங்கிக்கொண்டிருக்கும். வார் மாற்றும்போதெல்லாம் பின்களையும் மாற்றச் சொல்வது நல்லது. அது பெரிய செலவில்லை.

வாங்கும்போது பின்மூடியில் உள்ள எழுத்துகளைப் படிக்க வேண்டும். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று மட்டும் இருந்தால், துருப்பிடிக்காத எஃகு பின்மூடிக்கு மட்டுமே உறுதி சொல்லப்படுகிறது என்று பொருள். மலிவான கடிகாரங்களில் உடற்பகுதி பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளையோ வேறு கலப்பு உலோகமோ ஆகும். முலாம் வியர்வையில் தேய்ந்ததும் உள் உலோகம் தோலைத் தொடும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிப்பும் தடிப்பும் வருவது இதனால்தான். முழு எஃகு உடல் அல்லது முழுப் பிளாஸ்டிக் உடல், இரண்டில் ஒன்று போதும், இடைப்பட்டவை வேண்டா.

நீர்த்தடுப்பு எண்கள்

'30 மீட்டர்' என்று பொறித்த கடிகாரத்துடன் 30 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்பது பொருளன்று. அந்த ஆழத்துக்கு இணையான அழுத்தத்தைப் புதிய கடிகாரம் ஆய்வகத்தில் அசையாமல் தாங்கியது என்பதே பொருள். அன்றாடக் கடிகாரங்களுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 22810, 2010இல் வெளியானது. நடைமுறையில் 30 மீட்டர் என்பது கை கழுவும் தெறிப்புக்கும் தூறலுக்கும், 50 மீட்டர் என்பது வடகிழக்குப் பருவமழையில் நனைந்து வருவதற்கும், 100 மீட்டர் என்பது நீச்சலுக்கும் போதுமானவை எனக் கொள்ளலாம். கனமழையில் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் நீர் தேங்குவது நங்கநல்லூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அங்கே கவலைப்பட வேண்டியது வண்டியைப் பற்றியும் ஓட்டுபவரைப் பற்றியுமே. 50 மீட்டர்க் கடிகாரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

இந்த எண் நிலையானதும் அன்று. நீரைத் தடுப்பது பின்மூடிக்கு அடியில் உள்ள மெல்லிய ரப்பர் வளையம். அது வெப்பத்தில் ஆண்டுக்கு ஆண்டு இறுகும். தெருமுனைக் கடையில் செல் மாற்றும்போது வளையம் பிசகினாலோ, பழைய வளையத்தையே போட்டு மூடினாலோ, 50 மீட்டர் என்ற எழுத்து எழுத்தாக மட்டுமே இருக்கும். செல் மாற்றும்போது புது வளையம் கேட்டு வாங்குவதும், கண்ணாடியின் உட்புறம் பனித்தால் அன்றே கடையில் கொடுப்பதும் கடிகாரத்தின் ஆயுளைக் கூட்டும்.

அதிர்வு

இயந்திரக் கடிகாரத்தில் சமநிலைச் சக்கரத்தின் அச்சு முனை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனே உடையது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட எச்.எம்.டி. கடிகாரங்களில் 'பாரா ஷாக்' என்று முகப்பிலேயே எழுதியிருந்தது இந்த அச்சைக் காக்கும் அமைப்பைத்தான். சாவி கொடுத்து ஓட்டும் 'ஜனதா' மாதிரியைக் கட்டிக்கொண்டு மிதிவண்டியில் வேலைக்குப் போன தலைமுறை ஒன்று உண்டு. சாதாரணச் சாலை அதிர்வு அதை ஒன்றும் செய்வதில்லை, விழுந்தால்தான் ஆபத்து. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016இல் ஒப்புதல் அளித்தது. இன்று 'புதியது போல' என விற்கப்படும் பழைய எச்.எம்.டி.களில் பல, வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து, முகப்புக்கு மறுவண்ணம் பூசியவை. ஆசைக்கு வாங்கலாம். ரயிலைப் பிடிக்க நம்ப முடியாது.

குவார்ட்ஸ் கடிகாரத்தில் நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகமே நேரம் காக்கிறது. சாலையின் குலுக்கல் அதன் கணக்கைக் குலைப்பதில்லை. அப்படிகம் 25 டிகிரி செல்சியஸ் அளவில் சரியாக ஓடுமாறு வெட்டப்படுவதால் மே மாத வெயிலில் மிகச் சிறிதளவு பின்தங்கும். 40 டிகிரியில் நாளுக்கு ஒரு நொடிகூட ஆகாது. விழுவதையும் தாங்க வேண்டுமென்றால் கேசியோவின் கிகுவோ இபே 1983இல் உருவாக்கிய ஜி-ஷாக் வகை உண்டு. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாத கடிகாரம் என்பதே அவர் வைத்த இலக்கு. ஆனால் அதன் பல மாதிரிகள் 13 மி.மீ.க்குக் குறையாத தடிமன் உள்ளவை. முன்பு சொன்ன மணிக்கட்டு உறுத்தலும், சட்டைக் கையின் பொத்தான் மாட்டாத தொல்லையும் கூடவே வரும்.

விடியலும் அலுவலகமும்

வெயிலுக்குப் பயந்து ஐந்து மணிக்கே கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் புறப்படுபவர்களுக்கு இருளில் படிக்க முடிவது முக்கியம். பொத்தானை அழுத்தி எரியவிடும் விளக்கு என்றால் இன்னொரு கை ஹேண்டில்பாரை விட வேண்டும். தானாக ஒளிரும் பூச்சுள்ள முட்கள் அதைவிட மேல், ஆனால் மலிவான பூச்சு ஒரு மணி நேரத்திலேயே மங்கிவிடும்.

திறன் கடிகாரங்கள் தொலைவும் வழியும் பதிவு செய்வதில் நன்றாகவே உழைக்கின்றன. மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சி இதயத் துடிப்பை அளப்பது, ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக் குலுங்கும் கையில் தவறக்கூடும். உடற்பயிற்சி அளவை முக்கியமாகக் கருதுவோர் மார்புப் பட்டையை நாடுவது இதனால். ஓட்டத்தின்போது செய்தி அறிவிப்புகளை அணைத்து வைப்பது கட்டாயம்.

அலுவலகத்துக்கும் வேட்டி சட்டைக்கும் பொருந்துவது தட்டையான எஃகுக் கடிகாரம். டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984இல் தொடங்கி, ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன், 2002இல் வெளியிட்ட 'எட்ஜ்' மாதிரியின் மொத்தத் தடிமன் 3.5 மி.மீ. மட்டுமே. அவ்வளவு மெலிவு தேவையில்லை. 9 அல்லது 10 மி.மீ.க்குள், 50 மீட்டர் நீர்த்தடுப்புடன், முழு எஃகு உடலும் 18 அல்லது 20 மி.மீ. பொது அளவு வாரும் கொண்ட குவார்ட்ஸ் கடிகாரம் இரு பயன்பாட்டுக்கும் போதும். வாரின் அகலம் பொது அளவாக இருந்தால்தான் ஓட்டத்துக்கு நைலான், விழாவுக்குத் தோல் என வீட்டிலேயே மாற்றிக்கொள்ள முடியும்.

கடையில் கடிகாரத்தைக் கட்டிப் பார்க்கும்போது கையை மடக்கிக் கண்ணெதிரே வைத்துப் பார்ப்பதே வழக்கம். அதற்கு மாறாக, விற்பனை மேசையின் விளிம்பை ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் இரு கைகளாலும் பிடித்து, உடலைச் சற்று முன்னால் சாய்த்து அரை நிமிடம் நிற்க வேண்டும். குமிழ் குத்துகிறதா, தலையைத் திருப்பாமல் மணி தெரிகிறதா என்ற இரண்டும் அப்போதே விளங்கிவிடும். கடைக்காரர் சற்று வியப்பாகப் பார்ப்பார், அவ்வளவுதான்.