பொலிகிடாவை மாற்றுவது எப்போது? வமிசாவளிக் கணக்கு காட்டும் வழி

ஐந்தாறு வெள்ளாடுகள் வளர்ப்போர், மந்தையில் பிறந்த கிடாக்குட்டியையே பொலிகிடாவாக நிறுத்திக்கொள்வது உண்டு. செலவில்லை என்பதே காரணம். ஆனால் சில ஆண்டுகளில் குட்டிகள் எடை குறைந்து பிறக்கின்றன. பல இறந்தும் போகின்றன. தீவனக் குறையோ குடற்புழுவோ இல்லாத மந்தையில் இப்படி நேர்ந்தால் இரத்த உறவுச் சேர்க்கையைச் சந்தேகிக்க வேண்டும்.

கெடுதல் ஏன்?

குட்டிக்குப் பாதி மரபணுக்கள் தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. குறையுள்ள மரபணு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். இரு பக்கமும் வந்து சேர்ந்தால் குறை வெளிப்படும். பெற்றோர் உறவினராக இருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். இவ்வாய்ப்பை அளக்கும் முறையை அமெரிக்க விஞ்ஞானி சீவால் ரைட் 1922-ல் வகுத்தார்.

கணக்கிடும் முறை

குட்டியின் தந்தையில் தொடங்கி, இருவருக்கும் பொதுவான மூதாதை வழியாகத் தாய் வரை கோடு போட வேண்டும். கோட்டில் எத்தனை ஆடுகளோ, 100-ஐ அத்தனை முறை பாதியாக்க வேண்டும்.

கிடா தன் மகளோடு சேர்ந்தால் கோட்டில் இரண்டே ஆடுகள். 100, 50 ஆகி, பின் 25 ஆகும். அதாவது உறவுச் சேர்க்கை 25 சதம். தந்தை ஒன்றாகி, தாய்கள் வேறான கிடாவும் பெட்டையும் சேர்ந்தால் மூன்று ஆடுகள், 12.5 சதம். தாயும் ஒன்றேயானால் இரண்டு கோடுகள் வரும். இரண்டையும் கூட்ட 25 சதம். பொது மூதாதையே உறவில் பிறந்திருந்தால் இந்த அளவு மேலும் கூடும்.

கணினியின் உதவி

ஆயிரக்கணக்கான கால்நடைகளுக்கு இதே கணக்கைக் கணினி செய்கிறது. பெற்றோரை முன்னும் குட்டிகளைப் பின்னும் வரிசைப்படுத்தி, உறவு அட்டவணை தயாரிக்கிறது. தந்தை எது என்பதில் ஐயம் இருந்தால், ரோமம் அல்லது இரத்த மாதிரியின் மரபணுக் குறியீடுகளை ஒப்பிட்டுக் கண்டறியலாம். ஆயினும் எளியதும் செலவில்லாததும் ஒரு நோட்டுப் புத்தகமே.

செய்ய வேண்டியவை

• ஒவ்வொரு குட்டிக்கும் பிறந்த தேதி, தாய், தந்தை ஆகியவற்றை எழுதி வைக்கவும்.

• கிடாக்குட்டிகளை மூன்று மாத வயதிலேயே பெட்டைகளிடமிருந்து பிரிக்கவும்.

• பொலிகிடா வந்து ஓராண்டு ஆனதும் அதன் மகள்கள் பருவத்திற்கு வரத் தொடங்கும். அதற்குள் கிடாவை மாற்றவும். விலைக்கு வாங்க இயலாதவர்கள் பக்கத்து ஊர் விவசாயியுடன் உறவில்லாத, தரமான கிடாவைப் பரிமாறிக்கொள்ளலாம்.

• மாடுகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்யும்போது காளையின் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளவும். பிறக்கும் கிடாரிக்கு அதே காளையின் விந்தைப் பயன்படுத்தக் கூடாது.